சேதுக்கரை உடன்படிக்கைகள்

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைச் சூழ்ந்து நடந்த போர்களை முடித்துவைத்த, அல்லது முடித்துவைத்ததாகச் சொல்லிக்கொண்ட, ஒப்பந்தங்களின் தொகுதி. இவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கரையில் கையெழுத்தானவையே அல்ல. மதுரையிலும் பாரிஸிலும் ஆமியனிலும் கொழும்பிலும் தாளில் மை காய்ந்தபோது, அதன் பலனை அனுபவிக்க வேண்டியிருந்த சேதுக்கரைக்காரர் எவரும் பெரும்பாலும் பக்கத்தில் இல்லை.

17-ம் நூற்றாண்டின் முன்பாதியில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், தளவாய் இராமப்பையனை இராமநாதபுரத்து மறவர் சீமை மேல் அனுப்பினார். அதன் மன்னர் சடைக்கன் சேதுபதி தோற்று மதுரையில் சிறைப்பட்டார். ஆனால் அவர் இல்லாத சீமையில் வழிக்காவல் குலைந்து, இராமேசுவரம் போகும் வடநாட்டு யாத்திரிகர்கள் நாயக்கரிடமே போய் முறையிட்டதால் அவர் விடுவிக்கப்பட்டார் என்பது மரபுவழி வரலாறு. போரில் வென்றவரைத் தீர்த்த யாத்திரை பணியவைத்தது என்று இதைப் படிக்கலாம். 1645-ல் சடைக்கன் கொல்லப்பட்டதும் வாரிசுச் சண்டையைத் தீர்க்க நாயக்கர் சீமையை மூன்றாகக் கூறுபோட்டுக் கொடுத்தார். அந்த ஏற்பாடு நெடுநாள் நிற்கவில்லை. மற்ற பங்காளிகள் இறந்ததும் சீமை மீண்டும் ஒன்றாயிற்று.

1658-ல் டச்சுக் கம்பெனி தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. இரண்டு பக்கமும் டச்சுக்காரர், நடுவில் சேதுபதி. பாம்பன் வாய்க்கால் அவர் கையில் இருந்தது. அதன் வழி போகாத கப்பல் பெரும்பாலும் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் இரு தரப்பும் மோதுவதும் ஒப்பந்தம் எழுதுவதுமாகக் காலம் கழித்தன. எழுதப்பட்டவை பெரும்பாலும் சங்கு, முத்து, துணி, வாய்க்கால் பற்றியவை. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்குக்கு வங்காளத்து வளையல் பட்டறைகளில் நல்ல கிராக்கி இருந்ததை அறிந்தால், ஒரு சங்குக்காக இத்தனை பத்திரமா என்ற வியப்பு அடங்கிவிடும்.

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் உள்ளன. ஒரு பக்கம் ஐரோப்பியரை வரவேற்கும் காட்சி. இன்னொரு பக்கம் தஞ்சை மராட்டியரோடு நடந்த போர். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அடுத்து நடந்ததைப் படித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அவர் 1725-ல் இறந்தபின் எழுந்த அரியணைப் போட்டியில், பவானி சங்கரத் தேவரை எதிர்த்துக் கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் துணைக்கு அழைத்தது அதே தஞ்சைப் படையைத்தான். வெற்றிக்கு விலையாகப் பாம்பாற்றுக்கு வடக்கேயுள்ள பகுதி தஞ்சைக்குப் போனது. மீதி ஐந்து பங்காயிற்று: மூன்று கட்டையத் தேவருக்கு, இரண்டு சசிவர்ணருக்கு. 1730 வாக்கில் சிவகங்கைச் சீமை பிறந்தது இப்படித்தான். இந்தக் கரை கண்ட ஏற்பாடுகளில் மிக உறுதியாக நின்றது இதுவே. பங்கு கேட்டவர்களே பங்கு பிரித்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏழாண்டுப் போரை முடித்த 1763-ம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் 11-ம் பிரிவு, முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று பிரிட்டனும் பிரான்சும் ஏற்பதாகச் சொல்கிறது. மறவர் சீமை பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்த ஏற்பு நவாபின் கையை வலுப்படுத்தியது. 1772-ல் ஜோசப் ஸ்மித் தலைமையிலான ஆங்கிலக் கம்பெனிப் படையோடு நவாபின் படை இராமநாதபுரத்தைப் பிடித்தது. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதி திருச்சியில் சிறைவைக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். 1792-ல் நவாபோடு செய்த உடன்படிக்கையால் பாளையங்களின் பேஷ்குஷ் (கப்பம்) வசூல் கம்பெனி கைக்கு மாறியது. பிறகு அரசராக மீண்டிருந்த சேதுபதியை 1795-ல் கம்பெனியே இறக்கியது. 1803-ல் சீமை ஜமீனாகச் சுருங்கிற்று. இடையே 1802-ல், பிரான்சில் கையெழுத்தான ஆமியன் உடன்படிக்கை இலங்கையின் டச்சுப் பகுதிகளைப் பிரிட்டனுக்கு உறுதிசெய்தது. நீரிணையின் இரு கரையும் ஒரே முடியின் கீழ் வந்தன.

அந்த முடி போனபின் நடுவே கோடு வேண்டியதாயிற்று. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தம், இராமநாதபுரம் ஜமீனில் இருந்த 285 ஏக்கர் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. போரே இல்லாமல் எழுதப்பட்ட இது, பல போர் முடிவுகளைவிட அதிகம் சர்ச்சைக்குள்ளானது. 5-ம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் தீவுக்கு வரலாம் என்றது. 1976-ல் பரிமாறிய கடிதங்களோ கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி மீன்பிடிக்கக் கூடாது என்றன. தீவில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாம், வலை போட முடியாது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் இலங்கை உள்நாட்டுப் போரை முடிக்கக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 48 மணி நேரத்தில் சண்டை நிற்கும், சண்டை நின்று 72 மணி நேரத்தில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும் என்று மணிக்கணக்கில் எழுதப்பட்டது. ஆயுதம் வைத்திருந்த விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் இந்திய அமைதிப்படையே போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டிருந்தனர். ஒப்பந்தம் இணைத்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை இலங்கை உச்ச நீதிமன்றம் 2006-ல் பிரித்தது. இலங்கை அரசியலமைப்பின் 13-ம் திருத்தமும் மாகாண சபைகளும் ஏட்டில் மிஞ்சின.

ஒப்பந்தத்தை நம்பித் தமிழகத்திலிருந்து ஊர் திரும்பிய அகதிகளும் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் படகேறி இந்தக் கரைக்கு வந்தார்கள். 2002-ல் நார்வே முன்னின்ற போர் நிறுத்தம் 2008 ஜனவரியில் முறிந்தது. 2009 மே மாதம் போர் உடன்படிக்கை ஏதுமின்றி முடிந்தது. போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாதிருந்த வடமாகாண மீனவர் மீண்டும் வலையெடுத்தபோது, எதிரே தமிழக விசைப்படகுகளின் இழுவைமடிகள் நின்றன. இராமேசுவரத்து மீன்பிடித் தகராறின் இன்றைய வடிவம் அப்போது கூர்மையடைந்தது.

மண்டபம் முகாம் இந்த வரலாற்றின் பிற்பகுதி முழுவதிலும் வருகிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தடுத்துவைத்துச் சோதிக்க இலங்கை அரசு நடத்திய இடம் அது. 1964-ம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பியோர் தங்கிச் சென்றதும் அங்கேதான். 1983-க்குப் பின் அகதிகளும் அங்கேதான். 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு வந்தவர்களைப் படகுக்காரர் அரிச்சல்முனை அருகே மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார். கடலோரக் காவல்படை மீட்ட அவர்களுக்கும் மண்டபம் முகாமிலேயே இடம் கொடுக்கப்பட்டது.