முத்துக் கப்பலும் இராட்சதக் கணவாயும்

காலித் துறைமுகத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு இரங்கூனை நோக்கிப் புறப்பட்டது ஒரு சிறிய பாய்க்கப்பல். பெயர் 'பேர்ல்'. தமிழிற் சொன்னால் முத்து. 150 தொன் கொண்ட அக்கப்பல் மொறிசியஸ் தீவிலிருந்து சரக்கில்லாமல் வந்தது. திரும்பும்போது நெல் ஏற்றிச்செல்வது நோக்கம். 1874ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி மாலை, காற்று விழுந்துவிட்டதால் கப்பல் வங்கக் கடலில் அசையாமல் நின்றது. திருகோணமலைக்குக் கிழக்கே, கரையே தெரியாத நடுக்கடல். பிற்காலத்தில் வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பர்மா அரிசிக்காக ஓடியதும் இந்தக் கடலில்தான்.

அங்கே நடந்ததாகக் கப்பித்தான் ஜேம்ஸ் ஃபுளோயிட் சொன்ன கதை இது. நீர்மட்டத்தில் ஏதோ பெரிய பொருள் மிதந்தது. அவர் துவக்கை எடுத்தார். "அது கணவாய், காயப்படுத்தினால் கப்பலைக் கவிழ்த்துவிடும்" என்று நியூபவுண்லாந்தைச் சேர்ந்த மாலுமி ஒருவன் எச்சரித்தான். அவர் சிரித்துக்கொண்டே சுட்டார். அடுத்த சில நிமிடங்களில் மரம்போன்ற கைகள் கப்பலின்மேல் விழுந்தன, கப்பல் சரிந்தது, மூழ்கியது. கொழும்பிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த 'ஸ்ட்ரத்தோவன்' என்னும் நீராவிக் கப்பல் வந்து தப்பியவர்களை ஏற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஜூலை மாதம் இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை இதனை வெளியிட்டது.

கதை வந்த காலத்தைக் கவனிக்கவேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 1873இல், நியூபவுண்லாந்து மீனவர்களின் வலையில் இராட்சதக் கணவாய் ஒன்று அகப்பட்டது. மோசஸ் ஹார்வி என்னும் பாதிரியார் அதை விலைக்கு வாங்கித் தம் வீட்டுக் குளியற்றொட்டியின் மேலே தொங்கவிட்டுப் படம் எடுப்பித்தார். 1861இல் பிரெஞ்சுக் கப்பலான 'அலெக்டன்' தெனெரீவ் தீவருகே ஒன்றைக் கயிற்றால் கட்டி இழுக்க முயன்று, வாற்றுண்டு ஒன்றோடு திரும்பியது. விலங்கு உண்டு என்பது நிச்சயமாகிவிட்ட நேரம். அதன் வலிமையைப்பற்றி எதைச் சொன்னாலும் செல்லுபடியாகிய நேரமுங்கூட.

மானிப்பாயில் தமிழ்மொழியிலேயே மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீனின் 'கெமிஸ்தம்' என்னும் நூல் வெளிவந்தது அடுத்த ஆண்டில், 1875இல். கப்பித்தானின் கதையைச் சோதிக்க நமக்கு உதவுவது அந்த இரசாயன சாத்திரமே.

இராட்சதக் கணவாயின் தசை முழுவதும் நவச்சாரக் கரைசலால் நிறைந்தது. ஆம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பாவிக்கும் அதே நவச்சாரந்தான். அது கடல்நீரிலும் இலேசானது. மீனுக்குக் காற்றுப்பை செய்யும் வேலையை இந்தக் கரைசல் செய்கிறது. நீந்தாமலே ஆழத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் தசை தளர்ந்தது, கறிக்கும் உதவாது. இரத்தமோ செம்பு கலந்த நீல இரத்தம். குளிர்ந்த நீரில் ஒட்சிசனைச் சுமக்கும். வெப்பம் ஏறினால் அந்தச் சக்தி குன்றிவிடும்.

இப்போது மே மாதத்து வங்கக் கடலை நினைத்துப் பாருங்கள். மேற்பரப்பு நீர் 30 பாகை செல்சியசை நெருங்கியிருக்கும். அங்கே மிதக்கும் இராட்சதக் கணவாய் மூச்சுத்திணறிச் சாகும் நிலையில் இருக்குமேயன்றிக் கப்பலோடு மல்லுக்கட்டும் நிலையில் இராது. அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியவையும் நீண்ட பற்றுக்கைகளோடு சேர்த்து 13 மீற்றர் அளவினவே. எடை 300 கிலோவைத் தொடுவதில்லை. கப்பல் மூழ்கியிருக்கலாம், உயிர்கள் போயிருக்கலாம். அந்தப் பழியை இந்தப் பிராணியின்மேற் சுமத்த என் மனம் ஒப்பவில்லை.

அதைப் பிடித்து வளர்ப்பது கடினமாக இருப்பதும் இதே காரணங்களால்தான். ஆழ்கடல் இழுவலை மேலே வருவதற்குள் அது செத்துவிடுகிறது, அல்லது சாகும் தறுவாயில் இருக்கிறது. மானிப்பாய்ச் சந்தையில் கணவாய் வாங்குவோர் தோலிலுள்ள புள்ளிகளைப் பார்த்தே புதிதா பழசா என்று சொல்வார்கள். அவ்வளவு மெல்லிய தோல். சாதாரணக் கணவாயே தொட்டிச் சுவரில் மோதிப் புண்பட்டு இறக்கும். சுவர் என்பதைக் காணாத கடலில் பிறந்தது அது. நியூசிலாந்தின் ஸ்டீவ் ஓ'ஷே, பெரியது வேண்டாமென்று இராட்சதக் கணவாயின் சிறு குஞ்சுகளையே தேடிப் பிடித்தார். தொட்டியில் அவையும் பிழைக்கவில்லை. திமிங்கிலத்துக்கு அன்றாட இரையாக அகப்படுவது மனிதனுக்கு அகப்படவில்லை.

யப்பானியரான சுனெமி குபொதெரா வேறு வழியை எடுத்தார். 2004 செப்ரெம்பரில் ஒகசவாராத் தீவுகளின் அருகே, 900 மீற்றர் ஆழத்துக்கு இரையும் கமராவும் இறக்கினார். கொக்கியில் மாட்டிய கணவாய் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போராடி, 5½ மீற்றர் நீளப் பற்றுக்கையை விட்டுவிட்டுத் தப்பியது. ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்தன. 2006 டிசம்பரில் ஒன்றை உயிரோடு மேற்பரப்புக்கு இழுத்தார்; கப்பலில் ஏற்றும்போதே இறந்துபோயிற்று. 2012இல் நீர்மூழ்கியில் தாமே இறங்கி, அதன் வாழிடத்திலேயே அதைக் கண்டார்.

2015 டிசம்பரில் யப்பானின் தொயாமா விரிகுடாவில், படகுகள் கட்டியிருந்த துறைக்குள் 4 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஒன்று தானாகவே நீந்தி வந்தது. கரையில் சனங்கள் கூடிப் பார்த்தார்கள். சுழியோடி ஒருவர் கமராவோடு இறங்கிப் படம் பிடித்தார். பிறகு அவர் அருகே நீந்திச்சென்று, மெல்ல மெல்ல அதைத் திறந்த கடலுக்கு வழிகாட்டி அனுப்பினார்.