911-க்கும் 211-க்கும் இடையில் நாற்பது வருடம்

1996 மார்கழி. நாங்கள் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் இருந்தோம். இதை வாசிப்பவர்களில் பலர் அந்தக் கட்டடங்களில்தான் கனடா வாழ்க்கையைத் தொடங்கியிருப்பீர்கள்; கரப்பான் பூச்சியையும் வேலை செய்யாத லிப்ரையும் நான் விவரிக்கத் தேவையில்லை.

இரவு பதினொரு மணி இருக்கும். எங்கள் மாடியிலேயே இருந்த ஒரு அம்மா கதவைத் தட்டினார். மகன் மூன்று நாளாக நித்திரை கொள்ளவில்லை. தொலைக்காட்சிக்குள் இருந்து யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்கிறான். இப்போது பல்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். நான் 911 அடிக்கத் தொலைபேசியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, பொலிசைக் கூப்பிடாதேங்கோ. அந்த உடுப்பைக் கண்டால் பிள்ளை குதிச்சுப் போடுவான்."

ஊரில் சீருடை வாசலுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள்தானே நாங்கள். நானும் மனைவியும் போய் அவனோடு இருந்தோம். இலங்கை உலகக் கோப்பை வென்ற வருடம் அது. ஜயசூரியாவைப் பற்றியே விடிய விடியக் கதைத்தோம். விடிந்ததும் ராக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சனத்துக்குத் தெரிந்தால் 'அங்கொடைக் கேஸ்' என்று பெயர் வைத்துவிடும் என்பதால் அந்த அம்மா ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, 1997 மாசியில், எட்மண்ட் யூ என்பவரை இந்த நகரத்துப் பேருந்து ஒன்றுக்குள் வைத்துப் பொலிசார் சுட்டார்கள். ஒரு காலத்தில் மருத்துவ மாணவர், மனநோயாளி, கையில் சிறு சுத்தியல். செய்தியைப் பார்த்த அன்று அந்த அம்மா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

நான் அறிந்தது பல வருடம் கழித்து. 1983-இல் மேயர் ஆர்ட் எகிள்ரன் காலத்திலேயே மாநகரம் ஒரு குழுவை அமைத்திருந்தது. பெரிய மனநல ஆஸ்பத்திரிகளில் இருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் பார்க்டேல் பக்கத்து வாடகை அறைகளில் கவனிப்பாரற்றுக் கிடந்த காலம். குழுவின் தலைவி ரீவா கேர்ஸ்ரீன் என்ற உளவியலாளர். ஆஸ்பத்திரியும் இல்லாமல் பொலிசும் இல்லாமல், நெருக்கடியில் இருப்பவருக்கு நாள் முழுக்க ஒரு இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1989-இல் கேர்ஸ்ரீன் நிலையம் திறந்தது. பத்துக் கட்டில், இரவு பகலாகத் தொலைபேசி, வேண்டுமென்றால் வீட்டுக்கு வரும் ஆட்கள்.

அது சாள்ஸ் வீதி கிழக்கில் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் இருந்து நடக்கும் தூரம்! நான் அந்த வழியால் வேலைக்குப் போய் வந்தவன். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் ஒருவரிடமும் கேட்கவில்லை. வெட்கம்.

அதன்பின் 2013-இல் தெருவண்டிக்குள் பதினெட்டு வயதுச் சமி யாத்திம் சுடப்பட்டார். அடுத்த வருடம் முன்னாள் நீதியரசர் ஐகபூச்சி 84 பரிந்துரைகள் கொடுத்தார். 2020-இல் மக்கள் வீதிக்கு இறங்கிய பிறகுதான் மாநகரசபை அசைந்தது. 2021-இல் அனுமதி, 2022 பங்குனியில் வெள்ளோட்டம். நான்கு பகுதிகள், நான்கு சமூக நிறுவனங்கள். நகரின் நடுப்பகுதியில் ஒன்றை நடத்தியது அதே கேர்ஸ்ரீன் நிலையம். எங்கள் ஸ்காபரோ பக்கத்தை மல்வேர்னில் உள்ள ரைபு சுகாதார நிலையம் எடுத்தது. 'ரைபு' என்பது நலமாயிரு என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லாம்.

2023 கார்த்திகையில் சபை வெள்ளோட்டத்தை மீளாய்வு செய்தது. முதல் வருடத்தில் 911-இல் இருந்து மாற்றிவிடப்பட்ட அழைப்புகளில் நூற்றுக்கு 78 பொலிஸ் தலையிடாமலே முடிந்தன என்பது கணக்கு. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன், ஆகவே ஒன்று சொல்ல வேண்டும்: அது மாற்றிவிடப்பட்ட அழைப்புகளின் கணக்கு. 911-க்கு வரும் மனநல அழைப்புகள் எல்லாம் மாற்றிவிடப்படுவதில்லை. ஆயுதம், உயிராபத்து என்றால் இன்றும் பொலிஸ்தான். எங்கள் பையன் பல்கனியில் நின்ற அந்த இரவு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் நகரம் முழுவதற்கும் விரிப்பது என்று சபை முடிவெடுத்தது. 2024-இல் அது நடந்தது. 211 அடித்தால் போதும், மொழிபெயர்ப்பாளரும் உண்டு. நெருக்கடியில் இருப்பவர் சம்மதித்தால்தான் வருவார்கள். வருபவர்களில் சிலர் தாங்களே அந்த நோயை அனுபவித்தவர்கள்.

அந்த அம்மா இப்போது மார்க்கம் பக்கம் மகனோடுதான் இருக்கிறார். மகன் மருந்து எடுத்துக்கொண்டு களஞ்சியசாலை ஒன்றில் வேலை செய்கிறான். போன தைப்பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்தினேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ன உடுப்போடை வருவினம்?"

"சாதாரண உடுப்புத்தான் அம்மா. என்ரை, உங்கடை மாதிரி."

கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்துத் தந்து, இலக்கத்தைப் பெரிதாக எழுதச் சொன்னார்.