ஊடகக் கல்வியறிவு

ஊடகக் கல்வியறிவு என்பது நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, இணையம் முதலிய ஊடகங்கள் வழியாக வரும் செய்திகளையும் படங்களையும் விளங்கிக்கொள்ளவும், அவற்றின் உண்மைத்தன்மையை மதிப்பிடவும், பொறுப்புடன் உருவாக்கிப் பகிரவும் தேவையான திறன் ஆகும். எழுத்தறிவு ஒரு செய்தியை வாசிக்க உதவுகிறது. அச்செய்தியை யார், எதற்காக, யாரை நோக்கி வெளியிட்டார் என்று வினவ ஊடகக் கல்வியறிவு உதவுகிறது. கைப்பேசி வழியாகவே பெரும்பாலான செய்திகளைப் பெறும் இளைஞர்களுக்கு இது இன்றியமையாதது எனலாம்.

வரலாறு

1982 ஆம் ஆண்டு செருமனியின் குருன்வால்ட் நகரில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் ஊடகக் கல்வி பற்றிய பிரகடனம் வெளியிடப்பட்டது. 2011 இல் யுனெஸ்கோ ஆசிரியர்களுக்கான பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அக்டோபர் 24 முதல் 31 வரையான வாரத்தை உலக ஊடக, தகவல் அறிவு வாரமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021 இல் அறிவித்தது.

கொங்கு நாட்டு எடுத்துக்காட்டுகள்

2009 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த உடுமலைப்பேட்டை, இன்று திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மாவட்டத்தின் பின்னலாடைத் தொழிற்சாலைகளிலும் நூற்பாலைகளிலும் வெளிமாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாகக் கூறும் நிகழ்படங்கள் பரவின. அவற்றுள் இரண்டைக் குறிப்பிட்டு, அவை பொய்யாகப் பரப்பப்பட்டவை என அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு விளக்கமளித்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளரின் இரு குழுக்களுக்கு இடையே முன்னர் நடந்த மோதல். மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகளுக்கு இடையே நடந்த மோதல். எனினும் தொழிலாளரிடையே அச்சம் பரவியது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி நிலைமையை அறிந்தது. வதந்தி பரப்பியோர் மீது வழக்குகள் பதியப்பட்டன.

இங்கு கவனிக்க வேண்டியது, அந்த இரு நிகழ்படங்களும் உண்மையான மோதல்களைக் காட்டியவை என்பதாகும். பொய்யானது அவற்றுடன் இணைக்கப்பட்ட விளக்கமே. இடமும் காலமும் மாற்றிக் கூறப்பட்ட பழைய காட்சிகள், தவறான தகவல்களில் மிகவும் பரவலான வகையைச் சேர்ந்தவை. தமிழறியாத தொழிலாளர் உள்ளூர் நாளிதழைப் படித்துச் சரிபார்க்க இயலாது என்பதும் அச்சம் பரவ ஏதுவாயிற்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உடுமலைப்பேட்டையிலேயே உண்டு. 2016 மார்ச்சு 13 அன்று, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பொறியியல் மாணவர் சங்கர் பேருந்து நிலையத்தருகே படுகொலை செய்யப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சி நாடெங்கும் பரவியது. வழக்கில் சான்றாகவும் அமைந்தது. ஆகவே எதையும் நம்பாதிருப்பது ஊடகக் கல்வியறிவு ஆகாது. உண்மையை உண்மையென ஏற்பதும் அதன் பகுதியே.

வதந்தியின் விளைவு

2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் பற்றிய வாட்சப் வதந்தி வட தமிழ்நாட்டில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் கடத்தல்காரர் எனக் கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். பிற மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்ததை அடுத்து, 2018 சூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என வாட்சப் நிறுவனம் வரம்பு விதித்தது.

சரிபார்க்கும் முறைகள்

* சினமோ அச்சமோ எழுப்பும் செய்தியை உடனே பகிராது சற்றுப் பொறுத்தல்.
* முதலில் வெளியிட்டவர் யார் எனத் தேடுதல். "பகிரப்பட்டது" என்பது மூலம் ஆகாது.
* கடைப் பலகை, வண்டி எண், சீருடை, பேச்சுமொழி ஆகியவற்றைக் கொண்டு இடத்தை அறிதல்.
* நிகழ்படத்தின் ஒரு காட்சியைப் படத் தேடலில் இட்டு, அது முன்னரே வெளியானதா எனப் பார்த்தல்.
* ஒரே பக்கத்தில் தங்கிவிடாமல், அதைப் பற்றிப் பிற நம்பகமான தளங்கள் கூறுவதைப் படித்தல்.
* உறுதி செய்ய இயலாவிடில் பகிராதிருத்தல்.

கற்பித்தல்

2016 இல் வெளியான ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வில், நடுநிலைப்பள்ளி மாணவருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விளம்பரக் கட்டுரை ஒன்றை உண்மைச் செய்தியென நம்பியது தெரியவந்தது. இணையத்தில் பழகியவர் என்பதாலேயே இளைஞர் ஊடகத்தை அறிந்தவர் ஆகார் என்பதை இது காட்டுகிறது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018 இல் "சத்யமேவ ஜயதே" என்ற திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை அறியும் வகுப்புகள் நடத்தப்பட்டன. தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் தகவல்களைச் சரிபார்த்து வெளியிடுகின்றன. தமிழ்நாடு அரசு 2023 இல் தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது.

விமர்சனங்கள்

முழுப் பொறுப்பையும் வாசகர் மீது சுமத்துவது, வதந்தியால் பயனடையும் நிறுவனங்களையும் அரசியல் தரப்புகளையும் தப்பவிடும் என்பது ஒரு விமர்சனம். அரசே சரிபார்ப்பவராக இருக்கையில், அரசு பற்றிய செய்தியை யார் சரிபார்ப்பது என்ற வினாவும் எழுப்பப்படுகிறது. செயற்கை நுண்ணறிவால் போலிக் காட்சிகளை எளிதில் உருவாக்க இயலும் இக்காலத்தில், உண்மைக் காட்சியையும் போலியெனக் கூறித் தப்ப முயல்வோர் உளர் என்பதும் குறிப்பிடத்தக்கது.