சிட் கிளையும் திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடங்களும்

டெபியன் லினக்ஸில் ஒரு கோப்பு உண்டு. மென்பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் கோப்பு. அதில் 'ஸ்டேபிள்' என்ற வார்த்தையை 'அன்ஸ்டேபிள்' ஆக்கி, இரண்டு கட்டளை கொடுத்தால் போதும். இன்னும் செய்து முடிக்காத புதுப்பதிப்பு வந்துவிடும். ஏறுவது சுலபம். இறங்க முறையான வழி கிடையாது!

இந்த அன்ஸ்டேபிள் கிளைக்கு 'சிட்' என்று பெயர். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கிற பையன்தான் சிட். புது மென்பொருள் முதலில் இங்கே வரும். சில நாள் பெரிய பிழை ஏதும் தெரியாவிட்டால் 'டெஸ்டிங்' கிளைக்குப் போகும். அதை ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உறையவைத்துச் சரிபார்த்து 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள்.

நான் சில வருஷம் வங்கி வேலை பார்த்த திருவனந்தபுரத்துக்கு இதில் நல்ல பங்கு உண்டு. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது அங்கேதான். அதே காலத்தில் கேரள அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும் பிறந்தது. ஆரம்பத்தில் விண்டோஸ்தான். ஒரு கம்பெனியின் பொருளை அரசே பிள்ளைகளுக்குப் பழக்குவதா என்று ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். பிறகு டெபியனை வைத்து பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தயாரானது. பின்னாளில் அது உபுண்டுவுக்கு மாறியது. திட்டம் 2017-இல் 'கைட்' நிறுவனமானது.

அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பதிப்பு, உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. அப்போது 24.04 வந்தாயிற்று! ஆனாலும் இரண்டு வருஷம் அடிபட்டுத் தேறியதையே எடுத்தார்கள். வங்கிக்காரனுக்கு இது புரியும். கணினி வந்த புதிதில் நாங்கள் பேரேட்டையும் கூடவே எழுதிவந்தோம், இரண்டும் டேலி ஆகும்வரை. நடப்புக் கணக்கில் யாராவது பரீட்சை பார்ப்பார்களா?

அப்படியானால் சிட் யாருக்கு? நமக்குத்தான். உபுண்டு தன் சரக்கில் பெரும்பகுதியை சிட்டிலிருந்துதான் எடுக்கிறது. புது எழுத்துருவில் 'கொ'வின் கொம்பு தப்பான இடத்தில் விழுந்தால், அதை அங்கேயே பிடிக்க தமிழ் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். அமெரிக்கக்காரருக்கு அது தெரியாது. தப்பினால் பிழை அப்படியே பள்ளிக்கூடம்வரை போகும். கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு.

வீட்டில் பழைய மடிக்கணினி கிடந்தால், முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, சிட்டைப் போடுங்கள். பிள்ளைகளோடு தமிழில் நாலு வரி தட்டுங்கள். எழுத்து உடைந்தால் டெபியனுக்கு எழுதிப்போடுங்கள். ஊருக்குப் பணம் மட்டும்தான் அனுப்ப வேண்டுமா என்ன?