களம் முதல் குதிர் வரை: தாம்பரம் வட்டார ஏரியூர்களில் விளைச்சல் பேணலும் மனையுரிமையும்

தொண்டை மண்டலத்தின் வேளாண் வரலாறு பெரும்பாலும் களத்து மேட்டோடு நின்றுவிடுகிறது. ஏரி, மதகு, வாய்க்கால், விளைச்சல், மேல்வாரம், குடிவாரம் என்று நெல்லை அடியொற்றிச் செல்லும் ஆய்வுகள், அந்நெல் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் அதை விட்டுவிடுகின்றன. அதன் பின் நிகழ்வதை நாட்டார் வழக்காற்றியலோ சமையற்குறிப்போ எடுத்துக்கொள்கிறது. அங்கோ ‘பாட்டி காலத்துப் பக்குவம்’ என்னும் பொதுமைக்குள் எல்லா வீடுகளும் ஒரே வீடாகிவிடுகின்றன. விளைச்சலைக் குடும்பமாகக் கூடிப் பேணுவது கைப்பக்குவம் மட்டுமன்று; மனைக்கட்டின் மீதும் களத்துப் பங்கின் மீதும் உரிமை பெற்றிருந்தோர்க்கே அது முழுமையாக வாய்த்தது. சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய ஏரியூர்களை முன்வைத்து இக்கட்டுரை இக்கருத்தை ஆராய்கிறது.

மழையும் வெயிலும் வகுத்த நாட்காட்டி

செங்கற்பட்டுப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. ஏரிகள் நிரம்புவதும் அப்போதுதான். சம்பா நெல் தை மாதத்தில் அறுவடையாகும்; ஏரியில் நீர் எஞ்சினால் நவரை, கோடையை ஒட்டிச் சொர்ணவாரி என்று பட்டங்கள் தொடரும். ஐரோப்பியக் குடியானவர் குளிர்காலத்தை எதிர்நோக்கிச் சேமித்தனர். இங்கே எதிர்நோக்கப்பட்டது அடைமழை. தோட்டக்காய் அழுகி, சந்தைக்குச் செல்லும் வண்டிப்பாதை சேறாகும் அந்த இரண்டு மூன்று மாதங்களுக்காகவே மாசி முதல் ஆனி வரையிலான வெயில் முழுவதும் பயன்படுத்தப்பட்டது. உணவுப் பண்டத்தோடு எரிபொருளும் இதில் அடங்கும். வறட்டியும் சுள்ளியும் நனையாமல் அடுக்கப்படாவிடில், குதிரில் நெல் இருந்தும் அடுப்பு எரியாது. பேணல் முறைகளைப் பற்றிய எழுத்துகளில் வறட்டிக்கு இடமில்லாதிருப்பது வியப்பே.

தையில் வந்த நெல் உடனே குதிருக்குச் செல்வதில்லை. ஈரம் போக உலர்த்தப்பட்டு, விதைநெல் முதலில் தனியே ஒதுக்கப்படும். எவ்வளவு முடை வந்தாலும் அதைத் தொடாதிருப்பது வீட்டு ஒழுங்கு. வைக்கோல் துணுக்கு கலந்து பிசைந்த மண்ணால் உறை உறையாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மூட்டுவாய்களைப் பூசி எழுப்பப்படுவது குதிர். மேல்வாயில் நெல் கொட்டி மூடுவர். அடிப்பகுதியிலுள்ள சிறு துளையின் அடைப்பை நீக்கி வேண்டுமளவு எடுப்பர். முன்னர் இட்டதே முன்னர் வெளிவரும் இவ்வமைப்பில் பழைய நெல் அடியில் தேங்குவதில்லை. வேப்பிலையும் நொச்சியிலையும் இடையிடையே இடப்பட்டன. பருப்பு வகைக்கு ஆமணக்கெண்ணெய்ப் பூச்சு, புளிக்குக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைத்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருந்தது.

இவற்றுள் நெல்லைப் புழுக்குதல் தனித்துக் கருதத்தக்கது. ஊறவைத்து ஆவியில் வேகவைத்து உலர்த்திய நெல், குத்தும்போது எளிதில் நொறுங்குவதில்லை. அரிசி இறுகுவதால் பூச்சித் தாக்குதலும் குறைகிறது. தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து வேகும்போது அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. 1924-இல் மெக்காரிசனும் நாரிசும் அரிசிக்கும் பெரிபெரி நோய்க்குமுள்ள தொடர்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்குப் பின்புலமாக இருந்தது, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் அந்நோய் மிகுந்திருந்தமையே. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் அதனின்று பெரிதும் தப்பின. வீட்டுப் புழக்கடையில் அண்டாவும் விறகும் கொண்டு நடந்த பணி, மருத்துவ வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒன்றாகும்.

மாசி, பங்குனியில் மாவடு. தொடர்ந்து புளி, மிளகாய். சித்திரை, வைகாசியில் கூழ்வடாம், வெங்காய வடகம், கொத்தவரை வற்றல், சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய், மாங்காய் வற்றல். புலால் உண்ணும் வீடுகளில் உப்புக்கண்டமும், கோவளம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கருவாடும் இவ்வரிசையில் சேரும். கடற்காற்று பிற்பகலில் ஈரத்தைக் கொணர்வதால், விடியுமுன் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுமுன் பிழிந்து முடிப்பது முறையாயிற்று. காய்ச்சுவதும் பதம் பார்ப்பதும் மூத்த பெண்கள், பிழிவது இளையோர், காக்கை ஓட்டுவது சிறுவர், அண்டா இறக்குவதும் மூட்டை சுமப்பதும் ஆடவர். உழைப்பு பகிரப்பட்டது, ஆயினும் சம அளவில் பகிரப்பட்டதாகக் கூற இயலாது. ஊறுகாய்ச் சாடியை யார் தொடலாம், எந்நாளில் தொடலாகாது என்னும் தீட்டு விதிகளும் இப்பணியோடு பிணைந்தே இருந்தன.

உப்பு இவ்வனைத்துக்கும் அடிப்படை. சென்னை மாகாணத்தில் 1805-இல் உப்பு கும்பினி அரசின் தனியுரிமையாயிற்று. அன்றாடச் சோற்றுக்கு வேண்டிய உப்பைவிட ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் ஒரே வேளையில் பேரளவு உப்பு தேவைப்பட்டது. உப்பு வரி 1947-இல் நீக்கப்படும்வரை ஒவ்வொரு சாடியிலும் அரசுக்குரிய பங்கு கரைந்திருந்தது.

ஆவணங்கள் நின்ற இடம்

இப்பகுதியின் வீட்டுச் சேமிப்புக்குத் தொன்மையான இலக்கியச் சான்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூல், மருத நிலத்து வீடுகளில் ஏணி எட்டாத உயரத்தில் நின்ற நெற்கூடுகளைக் காட்டுகிறது. மறையோர் மனையில் மாவடு ஊறுகாய் கிடைக்கும் என்கிறது. எயிற்றியரோ கடப்பாரையால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, நிலவுரலில் குற்றி, உலர்ந்த ஊனோடு சமைத்தளிக்கின்றனர். ஒரே பாட்டில் கூடு நிறைந்த வீடும் கூடே இல்லாத குடியும் அடுத்தடுத்து வருகின்றன. பேணல் மரபைப் பொதுமையாகப் பேசுவோர் முற்காட்சியை மட்டும் எடுத்தாள்வது வழக்கம்.

நிருவாக ஆவணங்களின் நிலை வேறு. 1763-இல் நவாப் முகம்மது அலி கும்பினிக்கு அளித்த செங்கற்பட்டு ஜாகீரில், தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவீடு ஏறத்தாழ 2,000 ஊர்களை உள்ளடக்கியது. நிலம், ஏரி, தோப்பு, வீடுகளின் எண்ணிக்கை, விளைச்சல் ஆகியவற்றோடு, பங்கு பிரிக்குமுன் களத்திலேயே கோயிலுக்கும் கணக்கனுக்கும் கொல்லனுக்கும் தச்சனுக்கும் பிறர்க்கும் அளக்கப்பட்ட மேரைகளையும் அது பதிவு செய்கிறது. மூல ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 1794 முதல் மாவட்டத்தை ஆண்ட லயனல் பிளேசு 1799-இல் அளித்த அறிக்கையும் களத்துப் பங்கீட்டை விரிவாக ஆராய்கிறது. ஆனால் இவ்விரண்டும் வருவாய்க்காக எழுந்தவை. அரசின் பங்கு பிரிந்த கணத்தில் எஞ்சிய நெல்லின் மீதான ஆர்வம் அற்றுப்போகிறது. களத்தில் அளந்த ஆடவர் அனைவர்க்கும் கணக்கில் இடமுண்டு. அந்நெல்லைப் புழுக்கி, குத்தி, புடைத்து, ஓராண்டு காத்த பெண்களுக்கு ஒரு வரியும் இல்லை.

மனை இல்லாதவர் அடுக்களை

இவ்வூர்களின் நிலவுரிமை மிராசு முறையில் அமைந்தது. வயலில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் படியாட்கள். படியளவில் தானியக் கூலி பெற்றதால் வந்த பெயர் அது. நாட்கூலியாக வந்த நெல்லோ கேழ்வரகோ அன்றே குத்தியோ அரைத்தோ உண்ணப்பட்டது. மிராசுதார் வீட்டு உரலில் நெல் குத்திய பெண்களுக்கு நொய்யும் தவிடும் கூலியின் ஒரு பகுதியாயின. அதாவது, ஒரு வீட்டின் குதிர் நிறைந்திருப்பதற்கு மற்றொரு குடியின் உழைப்பு அடிப்படையாக இருந்தது. ‘குடும்பமாகப் பேணுதல்’ என்னும் தொடரில் வரும் குடும்பத்தின் எல்லையை இங்கே கேள்விக்குட்படுத்த வேண்டியுள்ளது.

செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய பறையர் நிலை பற்றிய குறிப்பு இதற்கு முதன்மைச் சான்றாகும். உழைப்போர் குடியிருந்த மனையும் மிராசுதாரின் பிடியில் இருந்ததையும், வேலையை மறுப்பவர் குடிசையையும் இழக்க நேர்ந்ததையும் அது அரசின் கவனத்திற்குக் கொணர்ந்தது. 1892-இல் பிறந்த, பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு அக்குறிப்பே தூண்டுகோல். இவ்வாணை நில வரலாற்றில் பலமுறை பேசப்பட்டதே. உணவு வரலாற்றில் அதன் பொருளை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலர். எந்நாளும் வெளியேற்றப்படக்கூடிய மனையில் எலுமிச்சையும் முருங்கையும் நட்டுக் காய்க்கக் காத்திருக்க யாரும் துணியார். பெயர்த்தெடுக்க முடியாத மண்குதிரை எழுப்பவும் மாட்டார். அத்தகைய குடியிருப்புகளில் பேணல் இல்லாமலில்லை. அது சிறு கலங்களுக்குள் அடங்கியது. நீரூற்றிய பழைய சோறு, ஒருபிடி கருவாடு, காய்ந்த கீரைவிதை, கோடையில் பொறுக்கிய புளி. இவை ஓராண்டுக்கான சேமிப்பு அல்ல, நாளைக்கும் மறுநாளைக்குமானவை. பழைய சோற்றை வறுமையின் அடையாளமாகவோ இன்று மருந்தாகவோ மட்டும் காண்பது, அது குறுகிய காலப் பேணல் நுட்பம் என்பதை மறைத்துவிடுகிறது.

இரயிலும் பங்கீடும்

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டை ஒட்டிய 365 ஏக்கர் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. மாதச் சம்பளக் குடும்பங்கள் கிணறும் மாமரமும் தென்னையும் உள்ள மனைகளில் குடியேறின. விளைநிலம் இல்லாத, ஆனால் புழக்கடை உள்ள புதுவகை வீடு இது. நெல் மூட்டை குறைந்து அரிசி மூட்டை வந்தது, குதிர் வழக்கொழிந்தது, வடாமும் ஊறுகாயும் மட்டும் மொட்டைமாடிக்கு ஏறின. அவை ‘பெண்களின் சமையற்கலை’யாகச் சுருங்கியது இக்கட்டத்தில்தான். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தபோது, மாமியாரிடமிருந்து மருமகள் பார்த்துக் கற்றது அச்சில் அளவுகளாக மாறிவிட்டிருந்தது. உடனிருந்து கற்பிக்கும் மூத்தோர் இல்லாத வீடுகள் பெருகியதை அந்நூலின் பயன்பாடே உணர்த்தும்.

அரசு வாசற்படியைத் தாண்டிய ஒரு தருணமும் உண்டு. 1942-இல் பர்மா வீழ்ந்ததும் சென்னை மாகாணத்திற்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943-இல் சென்னை நகரில் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. நெல் கொள்முதலின்போது விதைக்கும் குடும்பத்துக்கும் பண்ணையாள் கூலிக்கும் போக எஞ்சியது உபரியாகக் கணக்கிடப்பட்டது. பன்னூறு ஆண்டுகள் முன்னெச்சரிக்கை எனப் போற்றப்பட்ட சேமிப்பு, பதுக்கல் என்னும் குற்றச்சாட்டுக்கு இலக்காயிற்று. 1952-இல் இராஜாஜி அரசு கட்டுப்பாட்டை நீக்கியபோது, ஓராண்டு நெல்லை வீட்டில் வைக்கும் பழக்கம் புறநகரில் பெரிதும் மீளவில்லை. அரிசி ஆலையும் கடையும் அதற்குள் அருகில் வந்துவிட்டன.

பின்னர் ஏரிப் பாசன வயல்கள் மனைப்பிரிவுகளாயின, மனைகள் அடுக்ககங்களாயின. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் நீரில் மூழ்கின. எந்த அடைமழைக்காக அடுக்களைகள் ஒருகாலத்தில் ஆயத்தமாயினவோ அதே பருவத்தில், கடைகள் மூடிய சில நாட்களிலேயே வீடுகள் உணவுப் பொட்டலங்களை எதிர்நோக்கின. இதனை மரபை மறந்ததன் விளைவு என்பது மிகை. தரைத்தளத்தில் நீர் புகும் வீட்டில் குதிர் இருந்திருந்தாலும் கரைந்திருக்கும்.

ஊறுகாய், வற்றல் வணிகமும் இதற்கிடையே தனி வரலாறாயிற்று. 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை, விற்பனைக்கான ஊறுகாய் ஆக்கத்தை உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வடகமும் அப்பளமும் ஊறுகாயும் செய்து விற்கின்றன. குழு விதிப்படி அவை கணக்கேடு பேணுகின்றன: வாங்கிய உளுந்து, உப்பு, எண்ணெய், விற்ற தொகை, ஒவ்வோர் உறுப்பினர்க்கும் சென்ற பங்கு. பர்னார்டின் ஓலைகளில் இடம்பெறாத உழைப்பு அளவோடும் கூலியோடும் எழுதப்படுவது இவ்வேடுகளில்தான். ஆவணக் காப்பகங்கள் அவற்றைச் சேகரிக்கத் தொடங்க வேண்டும். பழைய ஏடுகள் எடைக்குப் போடப்பட்டுவிடுவது இயல்பு.