ஒண்முகில் அச்சுப்படங்கள்

விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள வளிமமும் தூசும் சேர்ந்த திரள் ஒண்முகில் அல்லது நெபுலா எனப்படும். அதைத் தொலைநோக்கி வழியாக நெடுநேரம் படமெடுத்துத் தாளில் பதிப்பதே ஒண்முகில் அச்சுப்படம். கண் தான் பெற்ற ஒளியை நொடிப்பொழுதில் இழந்துவிட, ஒளிப்படத் தட்டு அதை மணிக்கணக்கில் சேர்த்துவைக்கும் என்பதால், இப்படங்கள் முன்பே கண்டவற்றின் நகலாக மட்டும் நில்லாமல் கண்டுபிடிப்புக்கான வழியாகவும் அமைந்தன.

மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஓரியன் மண்டலத்தின் பெரும் ஒண்முகிலை அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிடம் ஒளி காட்டிப் படமெடுத்தார். ஒண்முகில் ஒன்றின் முதல் ஒளிப்படம் அதுவே. 1885-இல் பாரிசின் ஹென்றி சகோதரர்கள் எடுத்த தட்டில், கார்த்திகைக் கூட்டத்தின் மாயா என்னும் விண்மீனைச் சுற்றி அதுவரை எவரும் கண்டிராத ஒரு முகில் பதிந்திருந்தது. தமிழ்ச் சிறுவரும் சுட்டிக்காட்டும் கார்த்திகையிலேயே இவ்வாறு ஒன்று மறைந்திருந்தது வியப்புக்குரியது. 1888-இல் ஹார்வர்டு வான்காணகத்தின் தட்டு ஒன்றைச் சோதித்த வில்லியமினா ஃபிளெமிங் குதிரைத்தலை ஒண்முகிலைக் கண்டறிந்தார். எனினும் பின்னர் வந்த பட்டியல் தட்டை எடுத்த பிக்கரிங்கின் பெயரை மட்டுமே குறித்தது.

ஒண்முகில்களில் சில வளிமத்தாலானவை என்பதை 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலை கொண்டு, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்து, நிறுவினார். அதில் தெரிந்த பச்சைக் கோட்டை மக்னீசியத்தோடு தொடர்புபடுத்திய வானியலாளர் லாக்கியரின் கருத்துக்கு எதிராக, புனே அறிவியல் கல்லூரியின் காவஸ்ஜி நாயகம்வாலா 1891-இல் ஓரியன் ஒண்முகிலை ஆராய்ந்து, அக்கோடு மக்னீசியத்தின் பட்டைபோல் ஒருபுறம் மங்காமல் கூர்மையாக இருப்பதைக் காட்டினார். அது இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் ஒளி என்பது 1927-இல்தான் தெளிவாயிற்று. புனே வான்காணகம் 1912-இல் மூடப்பட்டதும் அதன் கருவிகள் கொடைக்கானலுக்கு வந்தன. ஆனால் அங்கு ஆய்வு பெரிதும் சூரியனைப் பற்றியதாகவே இருந்தது. தமிழகத்தில் இரவு வானத்துக்கென ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு அமைத்த நிலையத்தில் 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் செயற்படத் தொடங்கின.

அச்சுப்படங்களின் வண்ணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வண்ணமன்று. 1995-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கழுகு ஒண்முகிலின் ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் தரப்பட்டன. முதலிரண்டும் உண்மையில் சிவப்பொளியே தருவதால், அவற்றை வேறுபடுத்த இம்மாற்றம் தேவைப்பட்டது. இதைப் பொய் எனல் பொருந்தாது. ஆனால் எந்த வடிப்பான்கள் வழியே எடுக்கப்பட்டது என்னும் குறிப்பில்லாத அச்சுப்படம் சுவருக்கு அணியாகுமேயன்றி ஆவணமாகாது.

வடிப்பான்கள் மற்றொரு வகையிலும் உதவுகின்றன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி போன்ற இடங்களில் விளக்கொளியானது கடற்காற்றின் ஈரம், தூசு ஆகியவற்றில் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளியையும் அதையொட்டிய மிகக் குறுகிய பட்டையையும் மட்டும் விடும் வடிப்பான் விளக்கொளியின் பெரும்பகுதியைத் தடுப்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் உச்சிக்கு அருகே ஏறும் ஓரியன் ஒண்முகிலை இங்கிருந்தும் பதிவு செய்ய இயலும். லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ ஒருபோதும் தெரியாத, 1752-இல் நன்னம்பிக்கை முனையில் லாகாய் கண்டறிந்த கரீனா ஒண்முகில் ஏப்ரல் முன்னிரவில் கும்மிடிப்பூண்டியின் தென்வானில் சுமார் 17 பாகை உயரம் வரை எழுகிறது. ஆயினும் அத்திசையில்தான் சென்னையின் ஒளி பரவியிருக்கிறது.