பேசாத சபை

சாமையும் காப்பியும் விளையும் வத்தல்மலையினின்று இறங்கி, முன்னாளில் தகடூர் என வழங்கி அதியமானின் அரசிருக்கையாய் விளங்கிய தருமபுரியைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களைக் கோடையில் அடைவோர், திரௌபதியம்மன் கோயில்களின் முன்னே பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நிகழும் உற்சவத்தைக் காணலாம். கொடுங்கோன்மையின் சுபாவத்தை நம் குடியானவர்கள் கற்ற பாடசாலை அதுவே என்பது என் துணிபு.

அக்கூத்தில் துரியோதனன் அற்பனாய் வருவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று தன் கீர்த்தியைத் தானே பாடி, கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்ன, கம்பீரமாய் வெளிப்படுகிறான். அவனுக்குக் கட்டியம் கூறிய கட்டியங்காரனே மறுகணம் அவனைப் பரிகசித்து ஊரைச் சிரிக்க வைக்கிறான்.

ஆயினும் துகிலுரியும் இரவில் சிரிப்பு அடங்கிவிடும். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்று பாஞ்சாலி கேட்பது கெஞ்சலன்று, நியாயவாதம். அதற்குப் பீஷ்மர் தர்மத்தின் சூட்சுமத்தைச் சொல்லி நழுவ, துரோணர் வாய்திறவாதிருக்க, விதுரனையன்றிக் கௌரவருள் இளையவனான விகர்ணன் ஒருவனே அவளுக்காக வாதாடுகிறான். கிரேக்கக் கவி சோபாக்கிளீசின் நாடகத்திலும் கிரியோன் மன்னனை எதிர்த்து வாதிடுபவன் அவன் மகன் ஹீமோனே. அரசனின் வலிமை அவன் கதாயுதத்தில் இருப்பதினும், அவன் சோற்றை உண்ட சான்றோரின் மௌனத்திலேயே மிகுதியும் இருக்கிறது.

'நீல தர்ப்பணம்' போன்ற வங்க நாடகங்களால் துணுக்குற்ற ஆங்கில அரசாங்கம், 1876-இல் நாடகங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியபோது, சமயத் திருவிழாக்களில் நிகழும் 'யாத்ரா' முதலிய ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. தேர்ந்த நாடகாசிரியரின் ஏட்டைப் பரிசோதித்த அதிகாரம், அம்மன் சந்நிதியில் விடிய விடிய நடந்த ராஜநிந்தையைப் பக்தியென்று எண்ணி விட்டுவிட்டது போலும்!

இறுதி நாள் படுகளம். களிமண்ணால் சமைத்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமன் அவன் தொடையைப் பிளக்க, பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்கிறாள். இறந்தவனுக்காக ஒப்பாரியும் எழுகிறது. கொடியவனாயினும் அவன் வேற்று நிலத்தவனல்லன், ஊர் மண்ணால் ஆனவன். ஆகையினாலேயே அவனை ஒருமுறை கொன்றதோடு ஊரார் ஓய்வதில்லை. அடுத்த திருவிழாவில் அதே மண்ணைக் குழைத்து மீண்டும் கிடத்துகிறார்கள்.